கணவனும் மனைவியும் தினம் அரை மணி நேரம் நடப்பது ஏன்?



உங்கள் தாத்தா, பாட்டியைச் சற்று நினைத்துப் பாருங்கள். "உடம்பு நல்லா இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டு அவர்கள் காலையில் எழுந்து நடக்கப் போனார்களா? இல்லை. ஆனாலும் நாள் முழுவதும் நடந்தார்கள். விடிந்தால் கழனி, கிணற்றடி, ஏரிக்கரை. சாமான் வாங்கப் பூந்தமல்லிக்கு நடை. ரயில் பிடிக்க ஆவடிக்கோ திருநின்றவூருக்கோ நடை. ஆடி மாதம் வந்தால் திருவேற்காட்டுக் கருமாரியம்மன் கோயிலுக்கும் நடை. தேகப்பயிற்சி என்ற சொல்லையே அறியாமல் தேகப்பயிற்சி செய்தவர்கள் அவர்கள். அவர்கள் வாழ்ந்த ஊரே அவர்களை நடக்க வைத்தது.

இன்று அதே ஊரில் வாழும் நம்மை ஊர் உட்கார வைத்துவிட்டது. இதில் யார் மீதும் குற்றம் இல்லை. ஆனால் இதன் பலனை நம் உடம்புதான் அனுபவிக்கிறது. இதைப் பற்றிக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும் என்பதற்காகவே இந்தச் சிறு ஏடு.

நம் ஊர் மாறிய கதை

சென்னைக்கு மேற்கே உள்ள நம் பகுதி ஒரு காலத்தில் ஏரியும் கழனியுமாக இருந்தது. 1949-ல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள் கம்பெனி அம்பத்தூரில் ஆலை அமைத்தது. நாடெங்கும் ஓடிய ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்கள் நம் பக்கத்து ஊரில் உருவானவைதான். 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து ஆட்கள் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். எப்படிப் போனார்கள்? பலர் சைக்கிளில். டிபன் கேரியரைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு காலையில் ஐந்து மைல், மாலையில் ஐந்து மைல் மிதித்தவர்கள் இன்னும் நம் தெருவில் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

பிறகு அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் தானே ஒரு மாநகராட்சி ஆயிற்று. தார் ரோடு வந்தது, ஷேர் ஆட்டோ வந்தது, வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் வந்தது. வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிப் போகக் கம்பெனி வேன் தெருமுனைக்கே வருகிறது.

ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். கணவர் தொழிற்பேட்டையில் மிஷின் ஆபரேட்டர். மனைவி ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை. கணவர் வாசலில் வண்டியை எடுத்து, கம்பெனி ஷெட்டில் நிறுத்துகிறார். மனைவி வேனில் ஏறி, வேனில் இறங்கி, எட்டு மணி நேரம் தையல் மிஷின் முன் உட்காருகிறார். ராத்திரி இருவரும் களைத்துப்போய் டி.வி. முன் உட்காருகிறார்கள். இவர்கள் சோம்பேறிகளா? நிச்சயமாக இல்லை. பாடுபட்டு உழைக்கிறவர்கள். ஆனால் ஒரு நாளில் இவர்கள் கால் எவ்வளவு நேரம் நடந்தது? கணக்குப் போட்டால் கால் மணி நேரம்கூடத் தேறாது. உழைப்பு வேறு, உடம்பு அசைவது வேறு என்று ஆகிவிட்ட காலம் இது.

உட்கார்ந்தே இருந்தால் என்ன கெட்டுப்போகும்?

இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. லண்டன் நகரத்தில் மாடி பஸ்கள் ஓடுகின்றன. டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். அந்தக் காலத்தில் கண்டக்டரோ டிக்கெட் கொடுப்பதற்காக நாள் முழுவதும் மாடிப்படி ஏறி இறங்கினார். ஒரே பஸ், ஒரே வேலை நேரம். ஜெர்ரி மாரிஸ் என்ற வைத்திய ஆராய்ச்சியாளர் இந்த இரு சாராரையும் ஒப்பிட்டுப் பார்த்து 1953-ல் முடிவை வெளியிட்டார். படி ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களுக்கு இருதய நோய் அதிகமாக வந்திருந்தது. உடம்பு அசைவதற்கும் இருதயத்திற்கும் உள்ள தொடர்பை உலகம் தெளிவாகப் புரிந்துகொண்டது அப்போதுதான்.

சர்க்கரை வியாதிக்கும் இது பொருந்தும். நாம் சாப்பிடும் சோறு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரையை வாங்கிச் செலவு செய்கிற பெரிய ஆள் நம் தசை. தொடையும் கெண்டைக்காலும் வேலை செய்யும்போது, அடுப்பு விறகைத் தின்பது போல அவை சர்க்கரையைத் தின்னும். நாம் உட்கார்ந்தே இருந்தால் அடுப்பு எரியாது, விறகு மட்டும் சேர்ந்துகொண்டே போகும். மிஞ்சியது கொழுப்பாகி வயிற்றைச் சுற்றிச் சேரும். நாளடைவில் சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்கும்.

"அதெல்லாம் டவுன்காரங்களுக்கு வர்றது, எங்களுக்கு ஏது?" என்று நினைக்காதீர்கள். தமிழ்நாடு உட்பட நாட்டின் நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எடுத்த கணக்கு 2014-ல் வெளியாயிற்று. நகரத்தில் 100-க்கு 65 பேர் போதிய உடல் அசைவு இல்லாமல் இருந்தார்கள். கிராமத்திலோ? 100-க்கு 50 பேர். அதாவது கிராமத்திலேயே பாதிப் பேர்! அதிலும் ஆண்களைவிடப் பெண்களே அதிகம்.

உங்கள் நிலை என்ன என்று வீட்டிலேயே பார்க்கலாம். தையல்காரர் டேப்பை எடுத்துத் தொப்புள் மட்டத்தில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல், இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேலோ, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேலோ இருந்தால் அது எச்சரிக்கை. போன வருஷம் சரியாக இருந்த அரைஞாண் கயிறு இந்த வருஷம் இறுக்குகிறது என்றால் அதுவும் எச்சரிக்கைதான்.

சென்னையிலேயே கண்ட உண்மை

நடந்தால் மட்டும் வியாதி வராமல் இருக்குமா? இந்தக் கேள்விக்கு விடை தேடச் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் ஓர் ஆராய்ச்சி நடத்தி 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரை வியாதி வருவதற்கு முந்திய படியில் நின்ற 531 பேரைச் சேர்த்துக்கொண்டு, அவர்களைச் சில பிரிவுகளாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவினருக்குத் தினமும் குறைந்தது அரை மணி நேர நடை, அதோடு சாப்பாட்டில் சர்க்கரையும் எண்ணெயும் குறைத்தல்.

மூன்று ஆண்டுகளில் என்ன ஆயிற்று? வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. பழக்கத்தை மாற்றிக்கொண்டவர்களில் 100-க்கு 39 பேருக்கே வந்தது. நம்மைப் போல இட்லியும் சோறும் சாப்பிடும் மனிதர்கள்தான் அவர்கள். நடையும் வாய்க்கட்டும் சேர்ந்து நூற்றில் பதினாறு பேரை அந்த மூன்று ஆண்டுகளில் காப்பாற்றின. பதினாறு பேர் என்றால் பதினாறு குடும்பங்கள் அல்லவா?

எந்த ஊரில் ஜனங்கள் நடக்கிறார்கள்?

சில ஊர்களில் ஜனங்கள் நிறைய நடக்கிறார்கள், சைக்கிள் மிதிக்கிறார்கள். அவர்களுக்கு நம்மைவிட மன உறுதி அதிகமா? அப்படி இல்லை. நடப்பதற்கு அங்கே வசதி இருக்கிறது, அவ்வளவுதான். தென்னமெரிக்காவில் பொகோட்டா என்று ஒரு நகரம். 1970-களிலிருந்து அங்கே ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை 7 மணி முதல் பகல் 2 மணி வரை பெரிய ரோடுகளில் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். இப்போது 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ரோடு நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் கிடைக்கிறது. குழந்தை குட்டியோடு ஊரே வெளியே வருகிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஆவடியையே பாருங்கள். பருத்திப்பட்டு ஏரியைச் சீர்படுத்தி, சுற்றி நடைபாதை போட்டு, 2019-ல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். பாதை வந்ததும் நடக்க ஆட்கள் வந்தார்கள். 2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டத்தைத் தொடங்கி, ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதையைத் தேர்ந்தெடுத்ததும் இதே எண்ணத்தில்தான்.

"எங்க ஊர்ல பூங்கா ஏதுங்க?" என்று கேட்பீர்கள். பூங்கா வேண்டாம். ஏரிக்கரை இருக்கிறதா? பள்ளிக்கூட மைதானம் இருக்கிறதா? கோயில் பிராகாரம் இருக்கிறதா? லாரி வராத ஒரு தெரு இருக்கிறதா? ஏதாவது ஒன்று போதும். பிள்ளைக்கு அரசாங்கம் கொடுத்த சைக்கிள் வீட்டுத் திண்ணையில் சும்மா நிற்கிறதா? காற்றடித்து எடுங்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டு ஓட்டினார்கள். அவர்களால் முடிந்தது உங்களால் முடியாதா?

எவ்வளவு நடக்க வேண்டும்?

வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பை நன்றாக அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதாவது வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு அரை மணி நேரம். ஒரே மூச்சில் முடியாவிட்டால் காலையில் கால் மணி, மாலையில் கால் மணி என்று பிரித்துக்கொள்ளலாம்.

எவ்வளவு வேகம்? மெல்ல உலாவுவது போதாது, ஓடவும் வேண்டாம். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். நிமிஷத்துக்குச் சுமார் நூறு அடி வரும்.

பழக்கம் இல்லாதவர்கள் முதல் வாரம் பத்து நிமிஷம், அடுத்த வாரம் பதினைந்து நிமிஷம் என்று கூட்டிக்கொண்டு போங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவது குறையும். வேன் பிடிப்பவர்கள் ஒரு நிறுத்தம் முன்னதாக நடந்து போய் ஏறலாம். ரயிலில் போகிறவர்கள் ஸ்டேஷன் மேம்பாலப் படியைப் பாரமாக எண்ணாமல், லண்டன் கண்டக்டரை நினைத்துக்கொண்டு ஏறுங்கள்.

நீங்கள் கேட்கும் கேள்விகள்

"கழனி வேலை செய்யறோம். நாங்களும் நடக்கணுமா?"

நாற்று நடுவதும், களை எடுப்பதும், மண்வெட்டி பிடிப்பதும் நல்ல தேக உழைப்பு. வேலை இருக்கும் நாளில் உங்களுக்குத் தனி நடை வேண்டியதில்லை, ஓய்வுதான் வேண்டும். ஆனால் அறுவடை முடிந்து வேலை இல்லாத மாதங்களில் நடையை விட்டுவிடாதீர்கள்.

"வீட்டு வேலை செய்யறேனே, அது போதாதா?"

அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் இருந்த காலத்தில் போதும். இன்று மிக்ஸி, கிரைண்டர், கேஸ் அடுப்பு வந்துவிட்டன. நல்லதே, பெண்களின் முதுகு தப்பித்தது. மறுபடியும் அம்மிக்குப் போகச் சொல்லவில்லை. மெஷின் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தில் அரை மணியை உங்கள் உடம்புக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

"எனக்கு நேரம் ஏதுங்க? குழந்தையை யாரு பார்த்துக்குவாங்க?"

சகோதரர்களே, இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். உங்கள் மனைவி நடக்கும் அரை மணி நேரம் நீங்கள் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் அவர் நடப்பார். இல்லாவிட்டால் எத்தனை அறிவுரை சொன்னாலும் நடக்க மாட்டார். ஒரு நாள் அவர் முதலில், மறுநாள் நீங்கள் முதலில் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இருவருமே சேர்ந்து போகலாம். எத்தனை குழந்தை, எப்போது என்று இருவரும் பேசி முடிவு செய்தீர்கள் அல்லவா? அதே போல இந்த அரை மணியையும் பேசி முடிவு செய்யுங்கள்.

"பொம்பளை தனியா நடந்தா ஊர்ல என்ன சொல்வாங்க?"

முதல் நாள் ஏதாவது சொல்வார்கள். பத்தாம் நாள் அவர்களே கூட வருவார்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் நான்கு பேராகச் சேர்ந்து போங்கள். மாமியாரையும் அழைத்துப் போங்கள், அவர் மூட்டுக்கும் நல்லது.

"குடும்ப நல ஆபரேஷன் பண்ணிக்கிட்டா உடம்பு பலம் போயிடும்னு சொல்றாங்களே?"

இது தவறான பேச்சு. ஆணுக்கு ஆனாலும் பெண்ணுக்கு ஆனாலும் அந்த அறுவை சிகிச்சை பலத்தைக் குறைப்பதில்லை. விந்துக்கோ கருவுக்கோ போகும் வழியைத்தான் அடைக்கிறார்கள், நரம்பையோ தசையையோ தொடுவதில்லை. தழும்பில்லா முறையில் கருத்தடை செய்துகொண்ட ஆண், இரண்டு நாள் கழித்துச் சாதாரண வேலையும், ஒரு வாரம் கழித்து சைக்கிள் மிதிப்பது உட்பட எல்லா வேலையும் செய்யலாம். பெண்கள் இரண்டு நாள் கழித்து லேசான வேலையைத் தொடங்கி, இரண்டு வாரத்தில் படிப்படியாகப் பழைய நிலைக்கு வரலாம். தையல், புண் ஆறும் விதம் பார்த்து டாக்டர் சொல்வதைக் கேட்டு நடங்கள்.

"மாசமா இருக்கேன். நடக்கலாமா?"

தாராளமாக. சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் தினம் நடப்பது தாய்க்கும் சிசுவுக்கும் நல்லது. கர்ப்ப காலத்தில் வரும் சர்க்கரைக்கும் அது ஒரு தடை. ஆனால் முதலில் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்டுவிடுங்கள். இரத்தம் படுதல், நீர் கசிதல், தலைசுற்றல், கடுமையான தலைவலி, குழந்தை அசைவு குறைதல் இவற்றில் எது கண்டாலும் நடையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கவனிக்க வேண்டியவை

கோடையில் காலை 7 மணிக்கு முன்பும் மாலை வெயில் தாழ்ந்த பிறகும் நடங்கள். தண்ணீரோ மோரோ குடித்துவிட்டுப் போங்கள். மழைக்காலத்தில் ஏரிக்கரை வழுக்கும், பாம்பு, பூச்சி இருக்கும், ஆகவே பள்ளித் தாழ்வாரத்திலோ கோயில் பிராகாரத்திலோ சுற்றுங்கள்.

பூந்தமல்லி ரோடு, வெளிவட்டச் சாலை போன்ற லாரி ஓடும் ரோட்டோரங்களில் நடக்காதீர்கள். வேறு வழி இல்லையென்றால் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். இருட்டில் வெள்ளைத் துணி உடுத்துங்கள்.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். வந்ததும் பாதத்தில் புண், கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் ஒரு மிட்டாய் கையில் வைத்திருங்கள். உடம்பு நடுங்கி, வியர்த்துப் பசித்தால் உடனே வாயில் போட்டுக்கொள்ளலாம்.

நடக்கும்போது நெஞ்சு அடைத்தாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, மூச்சு முட்டினாலோ உடனே உட்காருங்கள், 108-க்குப் போன் செய்யுங்கள். "வாயுப் பிடிப்பு, சரியாயிடும்" என்று காத்திருக்காதீர்கள்.

முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போது, "எனக்கொண்ணும் இல்லம்மா" என்று திருப்பி அனுப்பாதீர்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நடக்கத் தொடங்கியதும் மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

ஊரையும் கொஞ்சம் மாற்றுவோம்

நடக்க மனம் வந்தும் வழி இல்லாவிட்டால் பயன் இல்லை. ஏரிக்கரையில் முள் மண்டியிருக்கும், தெருவிளக்கு எரியாது, நாய்த் தொல்லை இருக்கும். இதற்கெல்லாம் பேச ஓர் இடம் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. இருவருமாகப் போய் எழுந்து சொல்லுங்கள்: "கரையில முள்ளை வெட்டுங்க, ரெண்டு விளக்குப் போடுங்க, பொம்பளைங்க நடக்கணும்." தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் நான்கு பேர், தெருவில் நாற்பது பேர் நடக்கத் தொடங்கினால், கேட்பதற்கும் பலம் வரும்.

தம்பதிகளே! உங்கள் பிள்ளைகள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி, பேரன் பேத்தி பிறப்பதைப் பார்க்க நீங்கள் இருவருமே இருக்க வேண்டும். ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர் பாடு என்ன என்பதை நினைத்துப் பாருங்கள். அதற்கான காப்பு விலை கொடுத்து வாங்கும் மருந்தில் மட்டும் இல்லை. வீட்டு வாசலிலிருந்து ஏரிக்கரை வரையுள்ள அந்தப் பாதையிலும் இருக்கிறது.

இன்று மாலையே ஆரம்பியுங்கள். முதலில் பத்தே நிமிஷம். இருவரும் சேர்ந்து!

மேலும் விவரங்களுக்கு உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரையோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள்.